ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டினால் போதுமா? அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவானாலும் தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவானாலும் முன்வரிசையில் பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். பிள்ளையோ பெண்ணோ குடியுரிமை வாங்கியதும் ஐ-130 என்ற குடும்ப மனுப் போட்டு, கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) எடுத்துக்கொடுத்த அப்பா அம்மாக்கள். கோடைக்கு இங்கே, குளிருக்கு அங்கே. பேரப்பிள்ளைக்கு இங்கே, ஊர்க் கல்யாணத்துக்கு அங்கே. அவர்கள் கையில் இருக்கும் அந்த அட்டையைப் பற்றியதுதான் இந்த மடல். குடிவரவுப் படிவங்களோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறோம்.

உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வாரம் ஒருமுறையாவது இந்தக் கேள்வி வருகிறது: "அம்மா எவ்வளவு நாள் ஊரில் இருக்கலாம்?" உடனே நாலு பேர் பதில் போடுகிறார்கள்: "ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும்." இன்னொருவர், "ரீ-என்ட்ரி பெர்மிட் (நீண்ட நாள் வெளியே இருந்து திரும்புவதற்கான அனுமதி) எடுத்துவிட்டால் இரண்டு வருஷம் கவலையே இல்லை" என்கிறார். முதல் பதில் தவறு. இரண்டாவது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பித்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் நாட்களை எண்ணுவது உண்மைதான். தொடர்ந்து 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால், திரும்பி வருபவரைப் புதிதாக நுழைய அனுமதி கேட்பவராக நடத்தலாம். விமான நிலையத்தில் கேள்விகள் கூடும். ஒரு வருடம் தாண்டினால், வெறும் கிரீன் கார்டு திரும்பி வருவதற்கான ஆவணமாகச் செல்லாது. ஆனால் நாள் கணக்கு முதல் சல்லடைதான். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: இவர் குடியிருப்பது எங்கே? அமெரிக்காவில் குடியிருந்துகொண்டு இந்தியாவுக்குப் போய்வருகிறாரா, இந்தியாவில் குடியிருந்துகொண்டு அமெரிக்காவுக்கு வந்துபோகிறாரா?

இது புதிய கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். 1975-இலேயே குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் இதில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜமைக்காவைச் சேர்ந்த ஒரு பெண்மணி ஆண்டுக்குப் பதினோரு மாதம் சொந்த ஊரில் தங்கும் விடுதி நடத்திக்கொண்டு, மிச்சம் ஒரு மாதம் மட்டும் அமெரிக்காவில் வந்து இருந்துவிட்டுப் போனார். ஒரு முறைகூட ஒரு வருடக் கெடுவைத் தாண்டவில்லை. அப்படியும் நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டுவிட்டார் என்றே முடிவானது. நம் வீட்டுப் பெரியவர்கள் செய்வது பல நேரம் இதையேதான், விடுதிக்குப் பதில் மாம்பலத்தில் ஒரு ஃபிளாட்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது படிவத்தைப் பற்றிய கேள்வியே அல்ல. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இங்கே வாழ விருப்பமா? உண்மையைச் சொல்லப்போனால், பல வீடுகளில் கிரீன் கார்டு எடுத்தது பெற்றோரின் ஆசையால் அல்ல. விசா நேர்காணலுக்கு அலையவேண்டாம், பேறுகாலத்துக்குச் சட்டென்று கிளம்பி வரலாம் என்ற பிள்ளைகளின் வசதிக்காக. வருடத்தில் நாலு மாதம் வந்து தங்கத்தான் ஆசை என்றால், அதற்குப் பொருத்தம் பி-2 வருகை விசா. இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்குக் கிடைக்கிறது, ஒவ்வொரு முறையும் வழக்கமாக ஆறு மாதம் தங்க விடுகிறார்கள். அதில் உலக வருமானத்துக்கு வரிக்கணக்கு இல்லை, "ஏன் இவ்வளவு நாள் வரவில்லை?" என்று கேட்பாரும் இல்லை.

அட்டையை வைத்துக்கொள்ளத்தான் போகிறோம், ஆனால் ஊரில் ஒரு வருடத்துக்கு மேல் இருக்க வேண்டிய காரணம் வந்திருக்கிறது (முழங்கால் அறுவைச் சிகிச்சை, சொத்துப் பாகம் பிரிப்பது, படுக்கையில் இருக்கும் மாமியார்) என்றால்தான் ரீ-என்ட்ரி பெர்மிட். பாஸ்போர்ட் மாதிரி ஒரு சின்னப் புத்தகம், ஐ-327 என்று எண். அதற்கு மனு ஐ-131 படிவம்.

மனுவைப் பதிவு செய்யும் நாளில் பெற்றோர் அமெரிக்க மண்ணில் இருக்க வேண்டும். ஊருக்குப் போனபிறகு, "சரி, நீ அங்கிருந்து போட்டுவிடு" என்று மகனிடம் சொல்ல முடியாது. தபாலில் படிவம் போய்ச் சேர்ந்து, ஐ-797சி ரசீது வந்து, அதன்பின் கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் ஒரு தேதி வரும். அந்தக் கைரேகையையும் இங்கேதான் கொடுக்க வேண்டும். சென்னைத் தூதரகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கைரேகை கொடுத்த பிறகு தாராளமாகக் கிளம்பலாம், பெர்மிட் கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆகவே மனுவுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே மூன்று மாத இடைவெளி வையுங்கள் என்று நாங்கள் எல்லோரிடமும் சொல்கிறோம். புதிதாகக் குடியேற்ற விசாவில் வந்து இறங்கி, மூன்று வாரத்தில் திரும்பும் டிக்கெட்டோடு வருகிற பெற்றோருக்கு இது சுத்தமாக ஒத்துவராது. அவர்கள் திரும்பும் தேதியைத் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெர்மிட் யோசனையை அடுத்த வருகைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கட்டணம் 2024 ஏப்ரல் மாற்றத்துக்குப் பிறகு 630 டாலர், கைரேகைக்குத் தனியாகக் கிடையாது. கட்டும் முறையும் மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் "செக் எழுதி இணைக்கவும்" என்று இருக்கும். 2025 அக்டோபர் 28-க்குப் பிறகு குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் காகிதச் செக்கையும் மணி ஆர்டரையும் வாங்குவதில்லை. கிரெடிட் அல்லது டெபிட் கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து நேராக என்றால் ஜி-1650. இரண்டில் ஒன்றை நிரப்பி மனுவின் மேல் வைக்க வேண்டும். கார்டின் வரம்பு 500 டாலராக இருந்து பணம் எடுபடாமல் போனால் மொத்தக் கட்டும் திரும்பி வரும். அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் பதிப்புத் தேதி பழசாக இருந்தாலும் இதே கதி. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் நிரப்பிய பிடிஎஃப்பை வாங்கி நிரப்பாதீர்கள். கிரீன் கார்டின் முன்பக்கம் மட்டும் நகல் எடுத்து அனுப்புகிறவர்களும் உண்டு. பின்பக்கமும் வேண்டும்.

படிவத்துக்குள் இரண்டு கேள்விகளைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒன்று, நிரந்தரக் குடியிருப்பு பெற்றதிலிருந்து, அல்லது கடந்த ஐந்தாண்டில், மொத்தம் எவ்வளவு காலம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தீர்கள் என்பது. ஆறு மாதத்துக்குக் குறைவு என்பதில் தொடங்கி நான்கு வருடத்துக்கு மேல் என்பதுவரை கட்டங்கள். ஞாபகத்திலிருந்து டிக் அடிக்கக் கூடாது. பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். எல்லைக் காவல் துறையின் கணினியில் ஒவ்வொரு வருகையும் புறப்பாடும் ஏற்கெனவே இருக்கிறது. ஐந்தில் நான்கு வருடத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் பெர்மிட் இரண்டு வருடத்துக்குக் கிடைக்காது, பொதுவாக ஒரு வருடம்தான். மற்றொன்று, நிரந்தரக் குடியிருப்பாளர் ஆனபிறகு எப்போதாவது 'குடியிருப்பாளர் அல்லாதவர்' என்ற முறையில் வரிக்கணக்குத் தாக்கல் செய்தீர்களா, அல்லது அந்தக் காரணத்தால் தாக்கல் செய்யாமல் விட்டீர்களா என்பது. குடிவரவுப் படிவத்தில் வரிக்கு என்ன வேலை என்று பலர் கடந்துபோகிறார்கள். இதற்குக் கீழே வருகிறோம்.

பெர்மிட்டை எங்கே அனுப்புவது என்றும் கேட்பார்கள். அமெரிக்க வீட்டு முகவரிக்கு வரவழைக்கலாம், வெளிநாட்டுத் தூதரகத்தில் பெற்றுக்கொள்கிறேன் என்றும் குறிக்கலாம். எது வசதியோ அது.

இனி, மிகவும் தலைவலி தரும் இடம். பெர்மிட்டின் இரண்டு வருடம் வழங்கிய தேதியிலிருந்து ஓடுகிறது, விமானம் ஏறிய தேதியிலிருந்து அல்ல. அது சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல் இழுத்தடித்து வருகிறது. மார்ச்சில் கைரேகை கொடுத்துவிட்டுக் கிளம்பிய அம்மாவுக்கு அடுத்த மார்ச் வரை பெர்மிட் வரவில்லை என்றால் நிலைமை என்ன? மனு நிலுவையில் இருப்பது பெர்மிட் ஆகாது. ஒரு வருடம் முடிந்துவிட்டதால் அட்டையைக் காட்டி ஏற முடியாது. பெர்மிட் வந்தால் தப்பித்தார், மறுத்துவிட்டால் வெளியே மாட்டிக்கொண்டார். அதனால் பதினோராவது மாதம் பிறந்தும் பெர்மிட் வரவில்லை என்றால் ஒருமுறை வந்துபோய்விடுங்கள் என்போம். டிக்கெட் காசு போகும், ஆனால் அட்டை நிற்கும்.

பெர்மிட்டை நீட்டிக்க வழி கிடையாது. இன்னொன்று வேண்டுமென்றால் திரும்பி வந்து, பழைய புத்தகத்தை ஒப்படைத்து, மறுபடியும் ஐ-131, மறுபடியும் கைரேகை. பெர்மிட் இருப்பதால், நீண்ட நாள் வெளியே இருந்தார் என்ற ஒன்றையே காரணமாக வைத்துக் குடியிருப்பைக் கைவிட்டார் என்று சொல்லிவிட முடியாது. அது கொடுக்கும் பாதுகாப்பு அவ்வளவே. இங்கே வீடு, வங்கி, வரி எதுவுமே இல்லாமல் புத்தகத்தை மட்டும் நீட்டினால் அதிகாரி கேட்கத்தான் செய்வார். குடியுரிமைக்கு வேண்டிய ஐந்தாண்டுத் தொடர் வசிப்பையும் இது காப்பாற்றாது. பெர்மிட் கையில் இருந்தாலும் ஒரு வருடம் வெளியே இருந்தால் அந்த ஐந்தாண்டு ஓட்டம் அறுந்துபோகும். 65 வயதுக்கு மேல் மெடிகேரில் பணம் கட்டிச் சேரலாம் என்று காத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும். அதற்கும் தொடர்ந்து ஐந்தாண்டு இங்கே வசித்திருக்க வேண்டும்.

வரிக்கு வருவோம். கிரீன் கார்டு இருக்கும்வரை, ஊரிலேயே இருந்தாலும், அமெரிக்க வரிச் சட்டத்துக்கு அவர் குடியிருப்பாளர். ஓய்வூதியம், வைப்புநிதி வட்டி, மேல்மாடி வாடகை எல்லாம் 1040 என்ற வருமான வரிப் படிவத்தில் வர வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகள் அனைத்தும் சேர்ந்து ஆண்டில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரின் வைப்புநிதி ஒன்றே அதைத் தாண்டும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 8621 என்று தனிப் படிவம் இருக்கிறது, அதன் கணக்கு மண்டையை உடைக்கும். இதைப் பார்த்து மலைத்துப்போய், "அப்பா ஊரில்தானே இருக்கிறார், குடியிருப்பாளர் அல்லாதவருக்கான 1040-என்ஆர் போட்டுவிடலாம், வரி ஒப்பந்தம் இடம் கொடுக்கிறது" என்று ஆடிட்டர் யோசனை சொல்வார். வரியைப் பொறுத்தவரை அந்த யோசனை சரியாகவே இருக்கலாம். ஆனால் நான் இங்கே குடியிருக்கவில்லை என்று தன் கையெழுத்தோடு அரசுக்கு எழுதிக்கொடுத்ததாக அது ஆகிவிடும். ஐ-131 கேட்பது இதைத்தான். வருமானம் குறைவு, தாக்கல் செய்யக் கட்டாயமில்லை என்றாலும் 1040 போட்டு வைப்பது நல்லது. வரித்துறையான ஐஆர்எஸ் தரும் வரிக்கணக்கு நகலைவிட உறுதியான சாட்சி விமான நிலையத்தில் வேறில்லை. இன்னொன்று: பதினைந்து வரி ஆண்டுகளில் எட்டில் கிரீன் கார்டு வைத்திருந்தவர் பிறகு அதைத் துறந்தால், விலகிப்போகிறவர்களுக்கான 8854 என்ற வரிப் படிவமும் சேர்ந்துகொள்ளும். ஆண்டின் ஒரே ஒரு நாள் வைத்திருந்தாலும் முழு ஆண்டாகவே எண்ணுவார்கள். துறக்கத்தான் போகிறோம் என்றால் எட்டாம் வருடம் பிறக்குமுன் துறப்பது புத்திசாலித்தனம்.

நாள் கணக்கில் ஓர் எச்சரிக்கை. 'ஆறு மாதம்' என்று வாயில் சொல்லாதீர்கள், நாளாக எண்ணுங்கள். ஜூன் 1 அன்று கிளம்பியவருக்கு 180-ஆம் நாள் நவம்பர் 28. தீபாவளியோடு கிளம்பிவிட்டால் கேள்வி இல்லை. கார்த்திகை தீபமும் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் பல வருடங்களில் தாண்டிவிடும்.

விமான நிலையத்துக்கு வருவோம். முதல் சோதனை சென்னைச் செக்-இன் கவுண்டரிலேயே நடக்கும். உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்பதால், போனமுறை வந்த முத்திரையிலிருந்து அவர்களே நாளை எண்ணிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் இறங்கியதும் கேள்வி: எவ்வளவு நாள் வெளியே இருந்தீர்கள்? ஏன்? இங்கே எங்கே தங்குகிறீர்கள்? திரும்ப எப்போது போகிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் பொறி. "மூணு மாசத்துல போயிருவேன்" என்று நம் அம்மாக்கள் வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார்கள், பிள்ளைக்குப் பாரமாக இருக்கமாட்டோம் என்று காட்டிக்கொள்வதாக நினைத்து. அதிகாரியின் காதில் அது, நான் விருந்தாளி என்று விழும். பொய் சொல்லச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேள்வி புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள், கேட்க உரிமை உண்டு.

கையில் ஒரு கோப்பு இருக்கட்டும், செக்-இன் பெட்டிக்குள் அல்ல. அதில் வரிக்கணக்கு நகல், இந்த மாநிலத்தின் அடையாள அட்டை, வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீட்டு அட்டை, தாமதத்துக்கான காரணம் காட்டும் தாள்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, கணவரின் இறப்புச் சான்றிதழ் போன்றவை. தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

சந்தேகம் வந்தால் கூட்டிப்போகும் இரண்டாம் விசாரணை அறையில் அதிகாரி ஐ-407 என்ற படிவத்தை நீட்டலாம். அதன் தலைப்புக்குத் தமிழில் பொருள்: சட்டப்படியான நிரந்தரக் குடியிருப்பைக் கைவிட்டதற்கான பதிவு. பதினேழு மணிநேரம் பறந்து வந்து, இரவு மருந்து போடாமல், வெளியே மகன் காத்திருக்கிறான் என்ற பதற்றத்தில், "கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்கள்" என்று போட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். போட வேண்டிய கட்டாயம் இல்லை. அது தானாக முன்வந்து போடும் கையெழுத்து. மறுத்து, குடிவரவு நீதிபதி முன் விசாரணை வேண்டும் என்று கேட்கலாம். அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாலும், நீதிமன்றம் முடிவு சொல்லும்வரை அவர் நிரந்தரக் குடியிருப்பாளர்தான். கைவிட்டார் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுடையது. இந்த நாலு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொடுங்கள், பத்துச் சொற்பொழிவைவிட அது உதவும்.

இதே ஐ-407 வேறொரு வீட்டில் நல்ல காரியம் செய்யும். இனி ஊர்தான் என்று மனதில் முடிவான பெற்றோர் அதை நிதானமாக வீட்டில் நிரப்பி யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தபாலில் அனுப்பலாம். கட்டணம் இல்லை. அதன் பிறகு பி-2 விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, அட்டையை முறையாகத் துறந்திருக்கிறார், தங்கிவிட நினைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

கெடு தாண்டிவிட்டவர்களுக்கு இருக்கும் வழி எஸ்பி-1, அதாவது திரும்பி வரும் குடியிருப்பாளருக்கான விசா. தூதரகத்தில் டிஎஸ்-117 படிவம், 180 டாலர். கிளம்பும்போது திரும்பி வரும் எண்ணம் இருந்தது, தாமதம் தன் கைமீறியது என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் மருத்துவப் பரிசோதனை, விசாக் கட்டணம் எல்லாம் முதலிலிருந்து. கொரோனாக் காலத்தில் விமானம் இல்லாமல் மாட்டியவர்களுக்கு இந்தக் காரணம் பேசியது. "பேத்தி கல்யாணம் தள்ளிப்போனது" என்பது பேசாது. பிள்ளை குடிமகன் என்பதால் பல நேரம் புதிதாக ஐ-130 போடுவதே சுலபம். ஊரில் அட்டை தொலைந்துபோனது மட்டும்தான் பிரச்சினை, ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். ஐ-131ஏ, 575 டாலர். ஏறுவதற்கு ஒரு ஸ்டிக்கர் தருவார்கள், ஒரு பயணத்துக்குச் செல்லும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வரி முகாமுக்கு ஒதுக்கும் சனிக்கிழமைகளில் ஒன்றை, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ, இதற்குக் கொடுங்கள். பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பும் பருவத்துக்கு முன்னால் இருந்தால்தான் கைரேகைக்கு அவகாசம் இருக்கும். உரிமம் பெற்ற குடிவரவு வழக்கறிஞர் ஒருவரும் இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும், தனித்தனியாகக் கேட்டால் முன்னால் சொன்ன 1040-என்ஆர் குழப்பம்தான் வரும். 'நோட்டரி' பலகை மாட்டிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர்களை மேடையேற்றாதீர்கள். பிள்ளைகளை மட்டும் கூப்பிடாமல் பெற்றோரையும் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசுங்கள். யாருடைய பெயரில் அட்டை இருக்கிறதோ அவர்தான் அந்த அறையில் தனியாக நிற்கப் போகிறவர். வருபவர்கள் அட்டையின் இருபுற நகல், எல்லாப் பாஸ்போர்ட்டுகள், கடைசி மூன்று ஆண்டு வரிக்கணக்கு ஆகியவற்றோடு வரட்டும். நாள் கணக்குப் போட்டுத் தரும் தாளை நாங்கள் அச்சடித்துக் கொண்டுவருகிறோம்.

அதுவரை, உங்கள் குழுவில் அந்த "ஆறு மாதம்" பதில் அடுத்தமுறை வரும்போது, நிர்வாகி ஒருவர் கீழே ஒரு வரி போடட்டும்: "அம்மா குடியிருப்பது எங்கே?"

அன்புடன்,
குடிவரவுப் படிவ வேலையில் இருக்கும் சில தமிழர்கள்